ஒரு தோளில் குழந்தை, ஒரு கையில் தமிழ்99

மகன் பிறந்தது 2019 ஆகஸ்டில். 26 வார மகப்பேறு விடுப்பு இருக்கிறதே, நான்கு கதைகளாவது எழுதி முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவனோ என் இடது தோளில் மட்டும்தான் தூங்குவான். தொட்டிலில் போட்டால் ஐந்தே நிமிடத்தில் விழித்துக்கொள்வான். எழுத மிஞ்சியது வலது கை ஒன்றுதான்.

அதுவரை பத்து வருடமாக, ரோமன் எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு முறையில்தான் எழுதிவந்தேன். கல்லூரியில் தோழிகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அதில் ண, ள, ற மூன்றுக்கும் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு விசையைத் தட்ட வேண்டும். இரண்டு கையும் இருந்தவரை அது எனக்குச் சிரமமாகவே தெரிந்ததில்லை. ஒற்றைக் கையால் "கண்ணாடி", "வெள்ளாடு", "காற்று" என்று தட்டத் தொடங்கியபோதுதான், ஒரு பத்திக்குள் அந்த மூன்று எழுத்தும் எத்தனை முறை வருகின்றன என்பது உறைத்தது. ஷிப்ட் தேவைப்படாத விசைப்பலகை ஒன்று உண்டு என்பது முன்பே தெரியும். கற்றுக்கொள்ள நேரமில்லை என்று தள்ளிப்போட்டிருந்தேன். அந்த வாரமே தமிழ்99க்கு மாறினேன். மகனுக்கு இப்போது ஆறு வயது முடிந்துவிட்டது. இரண்டு குறுநாவல்களும் பதினேழு சிறுகதைகளும் இதில்தான் தட்டியவை. மாறலாமா என்று கேட்கிற நண்பர்களிடம் ஒவ்வொரு முறையும் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தர விசைப்பலகையாக ஏற்றுக்கொண்டதுதான் தமிழ்99. மொத்தம் 31 விசைகள். உயிருக்கு 12, மெய்க்கு 18, புள்ளிக்கும் ஆய்தத்துக்கும் சேர்த்து ஒன்று. 247 எழுத்தும் இதற்குள் அடக்கம். உயிர்கள் எல்லாம் இடப்பக்கம். மெய்களில் வ, ங இரண்டும் இடப்பக்கம் வந்துவிட்டன, மற்ற 16ம் வலப்பக்கம். க தட்டி இ தட்டினால் கி. புள்ளியைப் பாதி இடங்களில் நாம் வைக்கவே வேண்டியதில்லை. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். ங வந்து க வந்தாலும், ஞ வந்து ச வந்தாலும், அதேபோல ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே.

அதனால் "அம்மா"வுக்கு நான்கே தட்டல்: அ, ம, ம, ஆ. ரோமனில் ஐந்து. "வந்தான்" ரோமனில் எட்டு, இதில் ஆறு. "பக்கத்து" என்ற சொல்லை ரோமனில் பத்து முறை தட்டிக்கொண்டிருந்தேன், இதில் ஆறு முறை. "கல்" போன்ற குட்டிச் சொற்களில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, இரண்டிலும் மூன்றுதான்.

கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் போனது. உயிரெழுத்துகள் இரண்டே நாளில் பிடிபட்டன, ஏனென்றால் ஏற்பாட்டில் ஒரு முறை இருக்கிறது. நடு வரிசையில் குறில்கள் அ, இ, உ என்று நிற்க, அவற்றின் தலைக்கு மேலேயே நெடில்கள் ஆ, ஈ, ஊ. மெய்களுக்குத்தான் மனப்பாடம் தேவைப்பட்டது. விசைகளின்மேல் தமிழ் எழுத்து ஒட்டிகள் வாங்கி ஒட்டினேன், நான்காம் நாளே பிய்த்துவிட்டேன். ஒட்டி இருக்கும்வரை கண் கீழேயே போகும், விரல் கற்றுக்கொள்ளாது. அட்டையில் வரைந்து திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்ததுதான் வேலைக்கு ஆனது.

விளையாட்டுக் கருவிகளில் இரண்டு வகைக் கன்ட்ரோலர்களை மாற்றி மாற்றிப் பிடிப்பவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். நின்டெண்டோவில் 'ஏ' பொத்தான் வலது ஓரத்தில் இருக்கும், எக்ஸ்பாக்ஸில் அதுவே கீழே. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போன முதல் அரை மணி நேரம், கதவைத் திறக்கப் போய் மெனுவை மூடிவிட்டு வருவோம். நாள்பட நாள்பட எந்தக் கன்ட்ரோலர் கையில் இருக்கிறது என்பதை உள்ளங்கையே உணர்ந்து அதற்கேற்ப நடக்கத் தொடங்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. ஆங்கிலத்தில் நிரல் எழுதும்போது விரல்கள் ஒரு வரைபடத்தில் போகின்றன, கதை எழுதும்போது வேறொன்றில்.

மாறியதன் பெரிய பலன் வேகம் என்று நான் சொல்லமாட்டேன். வேகம் கூடியது உண்மைதான். எனக்கு முக்கியமானது வேறு. மழை என்று மனதில் தோன்றுவதற்கும் திரையில் மழை என்று விழுவதற்கும் நடுவே, பத்து வருடமாக ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல் உட்கார்ந்திருந்தது. அது இருந்ததே எனக்குத் தெரியவில்லை. தமிழ்99இல் ஆறேழு மாதம் எழுதிய பிறகு ஒருநாள் வேறொருவர் கணினியில் பழைய முறையில் நாலு வரி தட்ட நேர்ந்தபோது உணர்ந்தேன். ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் ரோமனில் உச்சரித்துத்தான் கொட்டிக்கொண்டிருந்தேன். அப்படி எழுதிய காலத்துக் கதைகளைத் திரும்பப் படித்தால் ன-ண, ர-ற தடுமாற்றங்கள் ஏராளம். ஷிப்டுக்கு விரல் எட்டாத இடத்திலெல்லாம் எழுத்து மாறியிருந்தது. இப்போது ணவுக்கென்று ஒரு விசை, னவுக்கென்று ஒரு விசை, நவுக்கென்று ஒரு விசை. தட்டும் முன் எது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடத்தில் அகராதியைத் திறக்கிறேன்.

வட்டார வழக்கில் எழுதுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் பாத்திரங்கள் பாதிப்பேர் கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஆட்கள். "ஏனுங்", "வாரனுங்க", "அக்கட்டால போ" என்றெல்லாம் பேசுவார்கள். சொல்லைக் கணித்து நீட்டும் மென்பொருள் ஒன்றை நடுவில் கொஞ்சகாலம் வைத்திருந்தேன். "ஏனுங்" என்று தட்டினால் "ஏன்" என்று மாற்றிவைக்கும். "வாரனுங்க" அதன் கண்ணுக்கு எழுத்துப்பிழை. ஒரு உரையாடலை எழுதி முடித்து வாசித்தபோது, என் அம்மாயி சாயலில் எழுதிய பாத்திரம் பாடப்புத்தகம்போலப் பேசிக்கொண்டிருந்தது. அன்று மனசு மிகவும் கஷ்டப்பட்டது. தமிழ்99 எதையும் கணிப்பதில்லை. நான் தட்டியது எதுவோ அதுதான் நிற்கும்.

கணிப்பதில்லை என்றேன், தானாகப் புள்ளி வைக்கும் அந்த விதி மட்டும் விலக்கு. என்னை ஒருமுறை நன்றாகவே மாட்டிவிட்டது. சுதந்திர தினத்தன்று கோயிலில் நடக்கும் சமபந்தி விருந்தை வைத்து ஒரு கதை எழுதியிருந்தேன். ச, ம, ப, ந, த, இ என்று வரிசையாகத் தட்டினால் மவும் பவும் இன எழுத்துகள் ஆயிற்றே, புள்ளி விழுந்து "சம்பந்தி" ஆகிவிடும். சம்பந்தியும் சரியான சொல்தான் என்பதால் பிழைதிருத்தியும் பிடிக்கவில்லை. கதை ஒரு சிற்றிதழில் வந்தது. எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் கதையின் உயிரே. அது மூன்று இடங்களில் சம்பந்தி விருந்தாகிவிட்டது. கல்யாண வீட்டுக் கதை என்று நினைத்துப் படித்ததாக ஒருவர் சொன்னார்.

இதற்கு மருந்து அ விசை. மவைத் தட்டியதும் அவைத் தட்டினால், இது ம-தான், புள்ளி வேண்டாம் என்று பொருள். பப்பாளிக்கும் நத்தைக்கும் நத்தத்துக்கும் முதல் எழுத்தை அடுத்து அ கட்டாயம். இல்லையென்றால் நத்தை "ந்த" என்று தொடங்கிவிடும். விரலுக்கு இது பழக எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடித்தது. இப்போதும் கதையை முடித்ததும் சமபந்தி மாதிரிச் சொற்களை ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

பகலில் நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறேன், கோவை சரவணம்பட்டிப் பக்கம் அலுவலகம். நிரல் எழுதுபவர்களுக்கு இந்த விசைப்பலகையில் ஒரு நிஜமான தொந்தரவு உண்டு. அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் ந, ஒற்றை மேற்கோளில் ய, சதுர அடைப்புகளில் ச, ஞ, சாய்கோட்டில் ழ. தமிழில் இருக்கும்போது இந்தக் குறிகள் பழகியபடி கிடைக்காது, ஷிப்டோடு தேட வேண்டும், இல்லையென்றால் மொழியை மாற்றிவிட்டு வர வேண்டும். இரட்டை மேற்கோளும் கேள்விக்குறியும் ஷிப்டில் பத்திரமாக இருப்பதால் உரையாடல் எழுதத் தடையில்லை. கதைக்குள் ஒரு வலைமுகவரியோ ஒற்றை மேற்கோளோ வந்தால்தான் ஓட்டம் அறுபடுகிறது. பிறமொழிச் சொற்களுக்கான ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ஷிப்டோடு மேல்வரிசையில் இருக்கின்றன. ஐடி அலுவலகத்தில் நடக்கும் கதை என்றால் "மேனேஜர்", "ஷிப்ட்", "ரிலீஸ்" என்று அந்தப் பக்கம் அடிக்கடி போக வேண்டியிருக்கும். ஒற்றைக் கைக்காலத்தில் அப்படிப்பட்ட கதைகளை எழுதாமல் தள்ளிவைத்திருந்தேன்.

நிறுவுவதில் இப்போது சிரமம் கிடையாது. முன்பெல்லாம் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்று தனியாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது விண்டோஸிலும் மேக்கிலும் ஐபோனிலும் உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் ஐபஸ் (IBus) என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மகன் ஒன்றாம் வகுப்புக்குப் போனபோதுதான் இந்த விசைப்பலகை எனக்கு இரண்டாவது முறை பயன்பட்டது. க் என்ற மெய்யும் இ என்ற உயிரும் சேர்ந்தால் கி என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவனுக்கு அது பிடிபடவில்லை. இரண்டு எழுத்து எப்படி ஒன்றாகும் என்பது அவன் சந்தேகம். மடிக்கணினியை அவன் முன் வைத்து, கவைத் தட்டச் சொன்னேன். பிறகு இ. திரையில் க மறைந்து கி வந்தது. ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து ஈ தட்டிப் பார்த்தான், உ தட்டிப் பார்த்தான், அழிக்கும் விசையை அழுத்தி உயிர் மட்டும் கழன்று க மிஞ்சுவதைப் பார்த்தான். ஒரு மணி நேரம் நகரவில்லை.

எனக்கு விளையாட்டு என்றால் உயிர். வெள்ளிக்கிழமை இரவு அவன் தூங்கியதும் ஒன்றரை மணி நேரம் எனக்கானது. முறைவைத்து நகர்த்தும் போர்த்தந்திர விளையாட்டுகள்தான் பிடிக்கும். அவன் எழுந்து அழுதாலும் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம், படை நின்ற இடத்தில் நிற்கும். அந்த ஆர்வத்தில் அவனுக்கென்று பைத்தான் நிரல்மொழியில் ஒரு சின்ன உரைவிளையாட்டு எழுதினேன். தோட்டத்து வீடு ஒன்று, ஏழு அறை. "வடக்கே போ", "விளக்கை ஏற்று", "நாய்க்குச் சோறு கொடு" என்று தமிழில் தட்டினால் கதை நகரும்.

முதல் நாளே ஒரு பக், அதாவது நிரல் பிழை, வந்தது. "கொடு" மட்டும் விளையாட்டுக்குப் புரியவில்லை. அவன் சரியாகத்தான் தட்டியிருந்தான், இரண்டு முறை பார்த்தேன். பழைய மென்பொருள் ஒன்றில் எப்போதோ தட்டிவைத்த சொற்பட்டியலை நான் அப்படியே எடுத்துப் போட்டிருந்ததுதான் காரணம். யூனிகோடில் கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கவோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது கவோடு ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. பைத்தானிடம் நீளம் கேட்டால் ஒரு "கொடு"வுக்கு 4 என்கிறது, மற்றதற்கு 5. இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான சேமிப்பு வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு நாய்க்குச் சோறு கிடைத்தது. தமிழில் தேடலோ ஒப்பிடலோ எழுதும் எவரும் இந்த ஒரு வரியை மறக்கக் கூடாது. பெயரில் கொ, கோ, கௌ வரிசை எழுத்து இருக்கிறவர்கள் தேடலில் அகப்படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். வேலையில் இப்போது தமிழ் உள்ளீடு வரும் எந்தப் பெட்டியையும் இரண்டு விதமாகவும் தட்டிச் சோதிக்கிறேன்.

அந்தத் தோட்டத்து வீட்டை அவன் ஒரு வாரத்தில் முடித்துவிட்டான். அதிலிருந்துதான் இப்போது தினமும் நாங்கள் ஆடும் ஆட்டம் பிறந்தது. விசைப்பலகையின் இடப்பக்கம் அவனுக்கு, வலப்பக்கம் எனக்கு. அவன் உயிர், நான் மெய். வாய்விட்டு ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு இருவரும் சேர்ந்து தட்ட வேண்டும், பிழையில்லாமல் வந்தால் ஒரு புள்ளி, அலைபேசியில் மூன்று நிமிட டைமர். முதலில் "கொத்தமல்லி" மாதிரி அடுக்களைச் சொற்களாக எடுத்தேன். அதில் எனக்கு ஆறு தட்டல், அவனுக்கு ஒகரமும் இகரமும் மட்டும். "எனக்கு வேலையே இல்லம்மா" என்று கோபித்துக்கொண்டான். நியாயம்தானே. பிறகு "ஓலைக்கூடை", "ஊதாப்பூ" என்று சமமாகப் பங்கு விழும் சொற்களைத் தேடித் தேடி எடுக்கத் தொடங்கினேன். அப்படித் தேடியதில் என் கதைகளுக்கே சில நல்ல சொற்கள் கிடைத்தன.

வ யாருக்கு என்பதில் இரண்டு நாள் சண்டை. மெய் எல்லாம் அம்மாவுக்கு என்பது விதி, ஆனால் வ இருப்பது இடப்பக்கம். "எங்க பக்கம் இருந்தா எனக்குத்தான்" என்றான். சரி சாமி என்று விட்டுக்கொடுத்தேன். அன்றிலிருந்து அவனுக்குப் பிடித்த சொல் "வௌவால்". வ, ஔ, வ, ஆ என்று நான்கும் அவனே தட்டுவான். லவுக்கு மட்டும் நான் விரலை நீட்ட வேண்டும், கடைசிப் புள்ளி மறுபடி அவனுடையது. ஔ விசையை நான் கதைகளில் எப்போதாவதுதான் தொடுகிறேன். இந்த வீட்டில் அதைத் தேய்த்தவன் அவன்தான்.

அலைபேசியில் மட்டும் தமிழ்99 எனக்கு ஒத்துவரவில்லை. மேல்வரிசையில் மட்டுமே 12 எழுத்து. ஆங்கிலத்தில் பத்துதான். கட்டைவிரலுக்கு அந்த அகலம் போதவில்லை, டவும் ணவும் மாறி மாறி விழுகின்றன. இரண்டு கை மாறி மாறித் தட்டுவதுதான் இந்த ஏற்பாட்டின் பலமே. ஒற்றைக் கட்டைவிரலில் அந்தப் பலம் போய்விடுகிறது. பேருந்தில் தோன்றும் வரிகளைக் குரலில் சொல்லிப் பதிந்துகொண்டு வீட்டில் வந்து தட்டுகிறேன். டேப்லெட்டும் புளூடூத் விசைப்பலகையும் இருந்தால் எந்தக் குறையும் இல்லை. ஊருக்குப் போகும்போது அந்த இரண்டும்தான் பையில் இருக்கும்.

சென்ற பொங்கல் விடுமுறைக்குக் கோபிக்குப் போயிருந்தோம். அப்பா அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். தமிழ் தட்டச்சில் ஹையர் பாஸ். நான் தமிழ்99க்கு மாறியபோது, "எதுக்கு அம்மிணி, பழைய பலகையே விரலுக்குச் சுகமா இருக்குமே" என்று கேட்டவர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சு இயந்திரம் உருவாக்கிய காலத்திலிருந்து, இயந்திரத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் தட்டுவார்கள். கொ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். அப்பாவின் விரல்களில் முப்பது வருடமாக அந்த வரிசைதான்.

திண்ணையில் டேப்லெட்டை விரித்து மகன் இடப்பக்கம் உட்கார்ந்தான். என் இடத்தில் அப்பிச்சியை, அதாவது என் அப்பாவை, உட்காரவைத்தான். மெய்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவன்தான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தான். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "என்ன சொல்லு கண்ணு?" என்றார்.

"கொய்யா."

இருவரும் விரலை விசைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். அவன் கவுக்காகக் காத்திருந்தான். அப்பா கொம்புக்காகக் காத்திருந்தார்.

"அப்பிச்சி, நீங்கதான் மொதல்ல" என்றான் மகன்.